தீயில் வளரும் இரும்பு

நீடித்துழைப்பு வாரியத்தில் லிஃப்ட் ஓடாது. அது பழுதான பிறகு பல தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லாமல் நீடித்து உழைக்கிறது அந்தப் பழுது ஒன்றுதான் என்று வாசலில் டீ விற்கிறவர் சொல்வார். ஆகவே இது நீடித்து உழைக்கும் என்று சான்று கேட்டு வருகிறவர்கள், தாங்கள் கொண்டுவந்த பொருளைத் தாங்களே சுமந்துகொண்டு மேல்மாடி வரை ஏற வேண்டும். நாற்காலி செய்கிறவர்களுக்குப் பரவாயில்லை, நடுவில் கொஞ்சம் உட்காரலாம். நம் ஆள் தோளில் வைத்துக்கொண்டு ஏறியது, சாக்கில் சுற்றிய ஓர் இரும்புக் கட்டை.

அவர் ஒரு ஃபவுண்டரியில் வடிவமைப்பாளர். இரும்பை உருக்கி அச்சில் வார்க்கிற இடம் அது. அங்கே முதலாளி முதல் மண் சலிக்கிறவர் வரை அவரை ஓட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு அவரே காரணம்.

ஊர்க் குப்பையை எரிக்கிற பெரிய உலைகளில், குப்பை படுத்திருக்கிற அடித்தட்டைக் கிரேட் என்பார்கள். வீட்டு அடுப்பின் கம்பித் தட்டு மாதிரி சும்மா கிடக்கிற சங்கதி இல்லை அது. இரும்புக் கட்டைகளைப் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியிருப்பார்கள். ஒரு வரிசை நிற்கும். அடுத்த வரிசை முன்னும் பின்னும் நகர்ந்து, எரிகிற குப்பையைப் புரட்டிக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே நெருப்பு. கீழேயிருந்து ப்ளோயர் ஊதுகிற காற்று. அந்தக் காற்று கட்டையின் வயிற்றுப் பக்கமாக ஓடி, மூக்கு என்கிற முன்முனையில் இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே வரும். நெருப்புக்கும் அதுதான் மூச்சு, கட்டையைக் குளிர வைப்பதும் அதுதான். ஓட்டை அடைத்துக்கொண்டால் கட்டை வெந்து, மூக்கு கருகி, விரிசல் விட்டு, ஒருநாள் கழன்று விழும். கட்டையின் ஆயுள் பாதி இரும்பில், பாதி ஓட்டையில். இதை அவர் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது ஊர் உலையில் கிடப்பது வாரியமே வரைந்து கொடுத்த கட்டை. வாரியக் கட்டை என்று அதற்குப் பெயர். அதன் ஓட்டைகள் உள்ளே அகலம், வெளியே குறுகல். குப்பையில் வருகிற அலுமினியத் தகடும் டப்பாவும் உருகி அதற்குள் வழிந்து, சாம்பலும் சேர்ந்து, கல்லாக இறுகிவிடும். அப்புறம் காற்றாவது, குளிர்ச்சியாவது. ஓட்டைக்காரர் இதை அப்படியே திருப்பிப் போட்டார். உள்ளே குறுகல், வெளியே அகலம். எது வந்து விழுந்தாலும் காற்றே துப்பிவிடும். பக்கத்துக் கட்டையோடு உரசுகிற இடத்தில் ஒரு விளிம்பு வைத்தார். நகரும்போதெல்லாம் ஒன்றை ஒன்று சுரண்டிச் சுத்தம் செய்துகொள்ளும். கீழே காற்று நேராக ஓடிவிடாமல் வளைந்து வளைந்து போக வரப்பு மாதிரி மடிப்புகள். இவ்வளவுதான் அவருடைய கண்டுபிடிப்பு. பெரிய விஷயம் என்று அவரும் சொல்லவில்லை.

ஆனால் அவர் வீட்டில் அது பெரிய விஷயம். மனைவியின் தம்பி அந்த உலையில்தான் வேலை பார்க்கிறான். கட்டை விழுந்தால் உள்ளே போய் மாற்றுகிற வேலை. உலை முழுசாக ஆறுவதற்கு நாள் பிடிக்கும். குப்பை லாரிகள் அதுவரை காத்திருக்காது. வாசலில் வரிசை கட்டி நின்று நாறும். மேலிடத்திலிருந்து ஃபோன் வரும். ஆகவே பாதி ஆறினதுமே நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய கதவு வழியாக முழங்காலில் ஊர்ந்து உள்ளே போவார்கள். போன வருஷம் அப்படிப் போய் முழங்கால் இரண்டும் வெந்து வந்தான். அது ஆறியது. அதற்குப் பிறகு வந்த இருமல் ஆறவில்லை. நெஞ்சில் சாம்பல் என்றார் டாக்டர். உள்ளே போவதைக் குறைத்துக்கொள் என்றும் சொன்னார். அதைக் கட்டைகளிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று அவன் வீட்டுக்கு வந்து சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அவன் அக்கா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

தாய் இல்லாமல் அவள் வளர்த்த தம்பி அவன். அன்றிலிருந்து அவள் கணவரிடம் வேறு எதுவும் கேட்பதில்லை. அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"எப்பங்க மாத்துவாங்க?"

வாரியம் சான்று கொடுத்தால் மாற்றுவார்கள். சான்று இல்லாத கட்டையை ஊர் உலையில் போடக்கூடாது. அதனால்தான் நம் ஆள் மாடி ஏறிக்கொண்டிருந்தார்.

மேல்மாடியில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, இது எதனால் குளிர்கிறது என்பது. காற்றால் என்றார். அப்படியானால் காற்றுப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அந்த அறையில் ஜன்னல் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா, படிவத்தைப் புரட்டிக்கொண்டே நிதானமாக விசாரித்தார். கட்டையின் ஒரு பாகம் இரும்பு, இன்னொரு பாகம் காற்று என்று விண்ணப்பத்தில் இருக்கிறது. இரும்பு யார் சப்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். காற்று யார் சப்ளை?

வெளியே இருக்கிற காற்றுதான் என்றார் ஓட்டைக்காரர்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. வெளிய இருக்குன்னா யார் பொறுப்பு? நாளைக்கு அது உழைக்கலன்னா நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

காற்றுக்கு ஆயுள் கிடையாதே அம்மா என்று அவர் சொல்லிப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது. ஆயுள் இல்லாத பொருளை நீடித்துழைக்கும் கட்டையில் எப்படிச் சேர்த்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். கடைசியில் ஒரு வழி பிறந்தது: மாதிரி கொடுத்தால் பரிசோதித்துவிடலாம். மறுநாள் அவர் ஒரு கண்ணாடி பாட்டிலை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திறந்து, மூடி, மூடியின் மேல் மெழுகு வைத்துக் கொண்டுவந்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். நிறைய இல்லையே என்றார்.

பரிசோதனை முடிவு மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்தது. காற்று ஏற்கத்தக்கது, ஆனால் நிலையான வடிவம் இல்லாததால் முத்திரை குத்த இயலவில்லை. முத்திரையைப் பாட்டிலில் குத்தியிருந்தார்கள்.

அதற்குள் மைத்துனன் இரண்டு முறை உலைக்குள் போய் வந்திருந்தான்.

அடுத்தது சோதனை. இதில் வாரியத்தைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காகவே ஏற்பாடு செய்தார்கள். ஊர் உலையில் ஒரு வரிசை ஓட்டைக்காரரின் கட்டை, அதற்கு அடுத்த வரிசை வாரியக் கட்டை. ஒரே குப்பை, ஒரே நெருப்பு, ஒரே காற்று. சில மாதம் ஓடட்டும், எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஓட்டைக்காரருக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. இரும்பு பொய் சொல்லாது என்று மனைவியிடம் சொன்னார். அவருக்கு வாரியத்தைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

கட்டைகளை வெளியே எடுத்த அன்று மைத்துனன் வீட்டுக்கு வந்து, இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றான். வாரியக் கட்டைகளில் ஓர் ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை. மூக்கெல்லாம் கருகி, மேலே கசடு பாறையாக உட்கார்ந்திருக்கிறது. பல கட்டைகள் எடுக்கும்போதே கையில் இரண்டாக வந்துவிட்டன. மாமாவின் கட்டைகளோ கறுத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரிகிறதாம். அன்று அந்த வீட்டில் சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்கள்.

முடிவு சொல்கிற கூட்டம் வாரியத்தின் பெரிய அறையில் நடந்தது. அங்கே ஏசி உண்டு. ஆனால் அது வீசினால் தலைவரின் காகிதங்கள் பறக்கும் என்பதால், காற்று வருகிற வாயில் அட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். மிஷின் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிவப்புத் துணி விரித்த மேஜை, அதன்மேல் தராசு.

ஓட்டைக்காரர் தராசையே பார்த்தார். வாரியத்தில் நீடிப்பை எப்படி அளப்பார்கள் என்று அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை. அளவு சுலபமானது. உழைக்கிற பொருள் தேயும். தேய்ந்தால் எடை குறையும். ஆகவே போடுவதற்கு முன் ஓர் எடை, எடுத்த பின் ஓர் எடை. எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு நீடிப்பு. செருப்புக்காக யாரோ எப்போதோ ஏற்படுத்திய முறை. பிறகு வாளி, கதவுக் கீல், பேருந்துச் சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. கேள்வி கேட்பவர் இல்லாத இடத்தில் எந்த முறையும் போதுமானதாகத்தான் இருக்கும்.

எடை அலுவலர் கையுறை மாட்டிக்கொண்டார். முதலில் ஓட்டைக்காரரின் கட்டை. கொஞ்சம், மிகக் கொஞ்சம், குறைந்திருந்தது. பிறகு வாரியக் கட்டை. எடை அலுவலர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் எழுந்து வந்து அவரும் முள்ளைப் பார்த்தார்.

வாரியக் கட்டை தேயவில்லை. போட்டபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தது.

அறையில் விசிறுகிற சத்தம் நின்றது. தலைவர் தம் இடத்துக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"உலகத்துல எங்க வேணாலும் போய்ப் பாருங்க. நெருப்புல போட்ட இரும்பு தேயும். கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். நம்ம வாரியக் கட்டை மட்டும்தான் கட்டெறும்பா உள்ள போய்க் கழுதையா வெளிய வருது. இத்தனை நாள் நூத்துக்கு நூறுதான் உச்சம்னு நெனச்சிட்டிருந்தோம். நூத்துக்கு மேலயும் நீடிக்கலாம்னு இன்னிக்கு நிரூபிச்சிருக்கோம். இதை நாம பண்ணலை. நம்ம முறை பண்ணியிருக்கு."

கைதட்டினார்கள். ஓட்டைக்காரர் கை தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

அது இரும்பின் எடை இல்லை ஐயா, கசடின் எடை என்று விளக்கினார். ஓட்டைகளெல்லாம் அடைத்துப் போயிருக்கின்றன என்று காட்டினார். எடை அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கசடு கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று கேட்டார். ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அது கட்டைதானே. ஒட்டுகிற குணம் எங்கள் கட்டைக்கு இருக்கிறது, உங்கள் கட்டைக்கு இல்லை என்றார்.

"அது ரெண்டா உடைஞ்சிருக்கே சார்," என்றார் ஓட்டைக்காரர்.

"ரெண்டு துண்டையும் வச்சுத்தான் நிறுத்தோம். ஒண்ணும் காணாமப் போகலை."

ஓட்டைக்காரர் உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

தலைவர் நல்ல மனுஷர். அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். உங்கள் கட்டையில் திறமை இருக்கிறது, ஆனால் வளர்ச்சி இல்லை. அடுத்த முறை வளர்ச்சியோடு வாருங்கள் என்றார். ஓட்டைக்காரர் கட்டையைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதும் லிஃப்ட் ஓடவில்லை.

வீட்டில் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பியதும் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தாள். சில நாள் கழித்து ஊர் உலையில் மறுபடி கட்டை விழுந்தது. வளர்ந்த கட்டைதான். மைத்துனன் உள்ளே போய்விட்டு வந்து, ஒரு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினான். படுத்தால் மூச்சு முட்டியது.

ஃபவுண்டரி முதலாளி ஊரோடு ஒத்து வாழச் சொன்னார். அவருக்கு வியாபாரம். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் வழி சொன்னது மைத்துனன்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், அக்கா கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அவங்களுக்கு எடைதானே மாமா வேணும்? குடுத்துட்டுப் போவோம். சான்று கைக்கு வந்ததும் ஒழுங்கான கட்டையைப் போட்டுக்கலாம்."

ஓட்டைக்காரர் இது ஏமாற்று என்றார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்த சோதனைக்காகப் போட்ட கட்டைகளும் முன்பு போலவே ஓட்டை திறந்து, சுத்தமாக வெளியே வந்தன. மைத்துனனும் அவன் கூட்டாளிகளும் உலைக்குப் பின்னால் உட்கார்ந்து, கசடைப் பொடித்து, சூட்டுக்குத் தாங்குகிற களிமண்ணில் பிசைந்து, ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தார்கள். மேலேயும் ஒரு கை பூசினார்கள். ஓட்டைக்காரரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் அடைத்தார். எத்தனை அச்சு உடைத்து, எத்தனை வார்ப்பு கெட்டுப்போய்ச் சரிப்படுத்திய ஓட்டைகள் அவை. மனசு கேட்கவில்லைதான். ஆனால் கூட்டாளிகள் கிண்டலும் கேலியுமாக இருந்தார்கள். இனிமேல் சாக்கு நனைக்கிற வேலை குறையும் என்று ஒருவன் பாடவே தொடங்கிவிட்டான். அன்று அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

தராசு முள் இந்த முறை வாரியக் கட்டையையும் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் குரங்குக்காவது ஓர் அழகு உண்டு. தலைவர் சான்று தருவதாக அறிவித்தார். ஓட்டைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் எடை அலுவலர் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பைப் படிக்கத் தொடங்கினார். சென்ற முறை நீடிக்காத அதே கட்டை, இந்த முறை எப்படி நீடித்தது? வாரியம் அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறது. வடிவம் மாறவில்லை, இரும்பு மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: கட்டையின் மீதும் ஓட்டைகளின் உள்ளேயும் இருக்கிற சாம்பல் நிறப் பூச்சு. ஆகவே நீடிப்புக்குக் காரணம் அந்தப் பூச்சுதான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆராய்ச்சி சரியாகத்தான் இருந்தது.

கட்டை எந்த நிலையில் சான்று பெற்றதோ அந்த நிலையிலேயே உலைக்கு வழங்கப்பட வேண்டும் என்று சான்றில் எழுதினார்கள். அதாவது பூச்சோடு. அதாவது அடைத்த ஓட்டையோடு.

ஓட்டைக்காரர் எழுந்தார். வருவது வரட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அது நாங்களே கையால் பூசினது ஐயா, எடைக்காகப் பூசினது, அதை எடுத்தால்தான் கட்டை உழைக்கும் என்றார். என் வீட்டுப் பையன் உள்ளே போகிறான் ஐயா என்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்து வந்திருக்கவில்லை.

தலைவர் அவரையே கொஞ்ச நேரம் கனிவோடு பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, இதுதான் உண்மையான கண்டுபிடிப்பாளருக்கு அடையாளம். தன்னோட கண்டுபிடிப்பை ஒண்ணுமே இல்லைங்கறார். வெறும் கையால பூசினதுங்கறார். இந்த அடக்கத்துக்குத் தனியா ஒரு விருது குடுக்கலாமான்னு பரிசீலிக்கணும். தம்பி, நீங்க உக்காருங்க. உங்க பூச்சை எடுக்கறதுக்கு உங்களுக்கே உரிமை இல்லை இப்ப. அது வாரியத்தோடது."

விருதும் கொடுத்தார்கள். வாரியத்தில் ஒரு பரிசீலனை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது அந்த ஒரு தடவைதான். தங்கநிறம் பூசிய சின்னக் கட்டை ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள். அதிலும் ஓட்டைகளை அடைத்திருந்தார்கள்.

பிறகு ஃபவுண்டரிக்கு வாரியத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். ஓட்டைகள் சரியாக அடைபட்டிருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்ப்பது அவர் வேலை. கம்பி உள்ளே போனால் கட்டை கழிவு. முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது: அடைக்கத்தானே போகிறோம், ஓட்டையே வைக்காமல் வார்த்துவிட்டால் என்ன? கூலி மிச்சம். மேற்பார்வையாளர் அதிர்ந்து போனார். வரைபடத்தில் ஓட்டை இருக்கிறது. ஆகவே ஓட்டை இருக்க வேண்டும். சான்றில் பூச்சு இருக்கிறது. ஆகவே அடைத்திருக்க வேண்டும். ஓட்டை இல்லாமல் எதை அடைப்பீர்கள் என்று கேட்டார். முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்றார்.

ஆகவே உள்ளே குறுகல், வெளியே அகலமாக மிக நுட்பமாக ஓட்டை வார்த்தார்கள். வார்த்து, ஆற வைத்து, உரசி, அளந்து பார்த்து, அப்புறம் களிமண்ணை வைத்து அடைத்தார்கள். அடைப்பதற்கென்று ஒரு தனிக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்கு ஓட்டைக்காரரையே பொறுப்பாகப் போட்டார்கள். அவரைவிட அந்த ஓட்டைகளை நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? வாரியம் இதோடும் விடவில்லை. எடை கூடக் கூட நீடிப்பும் கூடும் என்பதால், ஒவ்வொரு தவணைக்கும் பூச்சைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டே போகச் சொன்னது. அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தது.

ஓட்டைக்காரர் நேர்மையானவர், ஆகவே சோர்ந்து போனார். அவர் கோபப்படுகிற ஜாதி இல்லை. ஒருநாள் மேற்பார்வையாளர் சாப்பிடப் போன நேரத்தில் சில கட்டைகளின் ஓட்டைகளைக் குத்தித் திறந்துவைத்தார். மாலையில் கம்பி உள்ளே போனது. கட்டைகள் கழிவில் போயின. உருக்கி மறுபடி வார்த்து, மறுபடி அடைத்தார்கள். உலையில் வைத்துத் திறந்துகொள்ளலாம் என்று மைத்துனன் முயன்று பார்த்தான். அங்கேயும் பூச்சின் மேல் குத்திய வாரிய முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் போட்டிருந்தார்கள்.

புதுக் கட்டைகளைப் போட்டு உலை ஓடத் தொடங்கி, முதல் முறையாக நின்ற வாரம் அது. மைத்துனன் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். குளித்துவிட்டு உட்கார்ந்தான். புருவத்தில் சாம்பல் அப்படியே இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியை மனைவி எங்கே வைத்தாள் என்று ஓட்டைக்காரர் கேட்டதில்லை. கண்ணில் படுகிற இடத்தில் அது இல்லை.

அவள் இந்த முறை கணவரைக் கேட்கவில்லை. தம்பியைக் கேட்டாள்.

"இனிமேலாவது நீ உள்ள போறது குறையுமாடா?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறையாது என்றான். பழைய கட்டை விழுந்த மாதிரியேதான் இதுவும் விழுகிறது. ஒரு வித்தியாசம் இருக்கிறது, இது கனம் அதிகம். முழங்காலில் நின்றுகொண்டு தனியாகத் தூக்க முடியவில்லை. அதனால் உள்ளே ஒருத்தனாகப் போனது போய், இப்போது இரண்டு பேராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள். வாரியத்தால் வேலைவாய்ப்புப் பெருகியது என்று வாசலில் போர்டுகூட வைத்திருக்கிறார்கள்.

அவள் பரிமாறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். உன்கூட உள்ளே வருகிறவன் யார் என்று கேட்டாள்.

"சின்னப் பையன்தான் அக்கா. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகுது. முதல் தடவை உள்ள போய்ட்டு வந்து, வாந்தி எடுத்துட்டு ஓரமா உக்காந்திருந்தான். எந்தப் படுபாவி இந்தக் கட்டையைப் பண்ணானோன்னு திட்டிக்கிட்டே இருந்தான்." அவன் இருமி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். "நீங்கதான்னு நான் சொல்லலை மாமா."